4 நிமிடப் பாட்டை 89 நொடித் தொடக்கப் பாட்டாக்குவது எப்படி? (ஜப்பானிய ஆர்பிஜி, அனிமே பாணி)

பனையோலை_16பிட் கேட்டது:

வணக்கம். ஆர்பிஜி மேக்கர் எம்இசட் (ஆர்பிஜி, அதாவது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளைச் செய்யும் மென்பொருள்) மூலம் தயாராகும் ஒரு சின்ன விளையாட்டுக்கு ஜப்பானிய ஆர்பிஜி பாணியில் தொடக்கப் பாட்டு வேண்டும். தமிழ் வரிகள், பெண் குரல். முழுப் பாட்டு முடிந்துவிட்டது. 160 பிபிஎம் (நிமிடத்துக்கு 160 அடி), 4/4 தாளம், இரண்டு கட்டை (டி மேஜர்), மொத்தம் 160 பார் (ஒரு பாருக்கு நான்கு அடி), சரியாக 4 நிமிடம். வரிசை இப்படி இருக்கிறது:

முன்னிசை 8 பார், ஏ-மெலோ (முதல் பகுதி) 16, பி-மெலோ (ஸபிக்கு இட்டுச்செல்லும் பகுதி) 8, ஸபி (பாட்டின் உச்சப் பகுதி) 16, இடையிசை 8, மறுபடி ஏ-மெலோ 16, பி-மெலோ 8, ஸபி 16, கிடார் தனி 16, அடக்கி வாசிக்கும் ஸபி 8, கடைசி ஸபி 32, முடிவிசை 8. கடைசி ஸபியிலிருந்து சுருதி ஒரு கட்டை ஏறி மூன்று கட்டைக்கு (ஈ மேஜர்) போகிறது.

இதை அனிமே தொடக்கம் மாதிரி 89 நொடிக்குக் கொண்டுவர வேண்டும். முதல் 89 நொடியை எடுத்து கடைசியில் ஃபேட் அவுட் செய்தால் பாதியில் அறுந்த மாதிரி இருக்கிறது. முடிவிசையை ஒட்டினால் ஏதோ இடிக்கிறது. எங்கே வெட்டுவது? அது என்ன 89 கணக்கு, விளையாட்டுக்கும் அது பொருந்துமா? டைட்டில் திரையில் இதே பாட்டையே ஓடவிடலாமா? இன்னொன்று, மெட்டு நன்றாக இருந்தும் கேட்கிறவர்களுக்கு “அனிமே பாட்டு” என்ற உணர்வு வரவில்லை. எங்கே கோளாறு இருக்கலாம்?

---

டைம்லைன் எழுதியது:

முதலில் 89. ஜப்பானியத் தொலைக்காட்சியில் அரை மணி நேர அனிமே தொடரில் தொடக்கத்துக்கு வழக்கமாக 90 நொடி ஒதுக்குவார்கள். அதன் முன்னாலும் பின்னாலும் அரை நொடி மௌனம் விடவேண்டும், ஆகவே ஒலி 89 நொடி. “டிவி சைஸ்” என்று இசைத்தட்டில் போடுவது இதைத்தான். விளையாட்டை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் டேல்ஸ் வரிசை போன்ற ஆர்பிஜிகளின் தொடக்கப் படங்களைச் செய்வது அனிமே ஸ்டூடியோக்கள்தான் (முன்பு புரொடக்ஷன் ஐ.ஜி, டேல்ஸ் ஆஃப் எக்ஸிலியாவிலிருந்து யூஃபோடேபிள்). அதனால் அந்த ஒன்றரை நிமிட அளவே அங்கேயும் பழகிவிட்டது. கேட்பவர் காதும் அந்த அளவுக்குப் பழகியது, ஆகவே நீங்களும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு: 240-ஐ பிபிஎம்மால் வகுத்தால் ஒரு பாரின் நீளம் நொடியில் வரும். 160-க்கு 1.5 நொடி. உங்கள் முன்னிசை 8, ஏ 16, பி 8, ஸபி 16 சேர்த்தால் 48 பார், 72 நொடி. மிச்சம் 17 நொடி. அதில் 8 பார் முடிவிசைக்கு 12 நொடி போக 5 நொடி மிஞ்சும். கடைசிக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டம்) ஒலித்து அடங்குவதற்கு அது தாராளம். அதாவது உங்கள் பாட்டு ஏற்கெனவே 89-க்குள் கச்சிதமாக உட்காரும், வேகத்தை மாற்றவே வேண்டாம். எல்லாருக்கும் இப்படி அமையாது. 128 பிபிஎம்மில் ஒரு பார் 1.875 நொடி. முன்னிசை 4, ஏ 16, பி 8, ஸபி 16 போட்டாலே 82.5 நொடி ஆகிவிடும், முடிவுக்கு மூன்றரை பார் கூட முழுதாக இருக்காது. 90 பிபிஎம் மெல்லிசை என்றால் ஏ-மெலோவை 8, பி-யை 4 என்று பாதியாக்கித்தான் ஆகவேண்டும்.

இடிப்பதன் காரணம் நீங்களே எழுதிவிட்டீர்கள். முதல் ஸபி இரண்டு கட்டையில் முடிகிறது, ஒட்டிய முடிவிசை மூன்று கட்டையில் ஆரம்பிக்கிறது. கடைசி ஸபியில் சுருதி ஏறும் எந்தப் பாட்டிலும் இந்தப் பொறி உண்டு. இரண்டு வழிகள். ஒன்று, முதல் ஸபிக்குப் பின்னால் வரும் இடையிசை 8 பாரையே முடிவிசையாக்குவது. அது சரியான சுருதியில் இருக்கிறது, ஸபியின் கடைசி எழுத்தின் ரீவெர்ப் வாலும் (எதிரொலி மிச்சமும்) அதில் இயல்பாகத் தொடர்கிறது, வெட்டே தேவைப்படாது. கடைசிப் பாரை மட்டும் கழற்றிவிட்டு டி மேஜர் அடி ஒன்றும் கிராஷ் சிம்பலும் வைத்து முடியுங்கள். இன்னொன்று, புராஜெக்ட் கோப்பில் முடிவிசையின் மிடித் தடங்களை இரண்டு அரைக்கட்டை இறக்கித் தனியாக ரெண்டர் செய்வது. டிரம்ஸ் தடத்தை இறக்கக்கூடாது. முடிந்த மிக்ஸை அப்படியே பிட்ச் ஷிஃப்ட் செய்தாலோ ஸ்னேர் தொளதொளத்துப்போகும், சிம்பல் மணல் மாதிரி கரகரக்கும்.

வெட்டு வைக்கிற இடத்தைப் பற்றி ஒன்று. ஸபி பெரும்பாலும் பார்க் கோட்டில் ஆரம்பிக்காது. பாடகர் அதற்கு அரை அடி, ஒரு அடி முன்னாலேயே எடுப்பார். பார்க் கோட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் முதல் எழுத்து போய்விடும். குரல் தடத்தைத் தனி ஸ்டெமாக (தனி ஒலிக்கோப்பாக) வைத்து, இசையைப் பார்க் கோட்டிலும் குரலை மூச்சு இழுக்கும் இடத்திலுமாகத் தனித்தனியே வெட்டுங்கள். இசையின் வெட்டு கிக் அடிக்கும் நொடியில் விழட்டும், 5 முதல் 20 மில்லிநொடி கிராஸ்ஃபேட் போதும். அதற்கு மேல் நீட்டினால் இரண்டு கிக் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தடித்துக் கேட்கும். கிளிக் (தாளம் காட்டும் ஒலி) இல்லாமல் வாசித்த டிரம்ஸ் என்றால் பிபிஎம் கணக்கை நம்பாதீர்கள், ஒவ்வொரு முதல் அடியையும் கையால் குறித்துக்கொள்ள வேண்டும்.

படத்துக்கும் 160 நல்ல எண். நொடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு அடி 9 பிரேம், ஒரு பார் 36 பிரேம், மிச்சமே வராது. 180-க்கு 8 பிரேம், 144-க்கு 10, 120-க்கு 12. 128-க்கு 11.25 வரும், அப்போது காட்சி வெட்டுகளை அடிக்கு அடி வைக்க முடியாமல் நான்கு அடிக்கு ஒருமுறை நேர்செய்ய வேண்டியிருக்கும். காட்சி மாற்றத்தை அடிக்கு ஒன்றிரண்டு பிரேம் முன்னால் வையுங்கள். சரியாக அடியிலேயே வைத்தால் பல நேரம் கண்ணுக்குப் பிந்தியதாகப் படும். வீடியோ மென்பொருளில் 24-ஆ 23.976-ஆ என்பதை ஆரம்பத்திலேயே பாருங்கள். 24-க்கு எண்ணி வரைந்த 2160 பிரேமை 23.976-ல் ஓட்டினால் 90.09 நொடி ஆகும், முடிவில் படம் இரண்டு பிரேமுக்கு மேல் பிந்திவிடும். பாட்டின் கடைசி அடியும் விளையாட்டின் பெயர் திரையில் விழுவதும் ஒன்றாக வரவேண்டிய இடத்தில் இது பளிச்சென்று தெரியும்.

---

ஏழாம்_சுரம் எழுதியது:

வெட்டுவதைப் பற்றி டைம்லைன் சொன்னதற்கு மேல் எதுவும் இல்லை. அந்த “உணர்வு” கேள்விக்கு வருகிறேன்.

பாட்டைக் கேட்காமல் சொல்வது, ஆனால் தமிழில் மெட்டுப் போடுகிறவர்களிடம் அடிக்கடி பார்ப்பது இது: நமக்குப் பல்லவிதான் முதலில் வரும், அதுதான் உச்சம், சரணம் போய்ப் பல்லவிக்கே திரும்பும். அனிமே பாட்டு படிப்படியாக ஏறும். ஏ-மெலோ பேசுகிற மாதிரி தாழ்ந்த இடத்தில் நடக்கும், பி-மெலோ பிடித்து இழுத்து நிறுத்தும், ஸபியில் விட்டுவிடும். பலரும் ஏ-மெலோவையே பல்லவி கனத்தில் எழுதிவிடுகிறார்கள். அப்புறம் ஸபி வரும்போது ஏற இடமே இருக்காது. உங்கள் ஏ-மெலோவின் உச்ச சுரம் எது, ஸபியின் உச்ச சுரம் எது என்று எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கைந்து சுர இடைவெளி இல்லையென்றால் கோளாறு அங்கேதான்.

பி-மெலோதான் உண்மையான வேலை செய்யும் இடம். அதில் ஸ்னேரை 2, 4-ஆம் அடிகளிலிருந்து எடுத்து 3-ஆம் அடிக்கு மட்டும் கொண்டுபோங்கள். பிபிஎம் மாறாது, ஆனால் வேகம் பாதியான மாதிரி தோன்றும். ஈ மைனரில் ஆரம்பித்து, கடைசி இரண்டு பாரை ஏ சஸ் ஃபோர், ஏ என்று நிறுத்தி, ஸ்னேர் உருட்டி, கடைசி ஒரு அடியில் எல்லா வாத்தியத்தையும் அமர்த்திவிடுங்கள். அந்த வெறும் அடியில் குரல் மட்டும் ஸபியை எடுக்கட்டும். தொடக்கப் பாட்டின் மொத்தப் பலமும் அந்த ஒரு அடியில் இருக்கிறது என்றே சொல்வேன்.

ஸபிக்கான கார்டுகள்: ஜப்பானில் “ராஜபாட்டை” என்ற பொருளில் பெயர் வைத்திருக்கும் வரிசை நாலு, ஐந்து, மூன்று, ஆறு (சுருதியின் எத்தனையாம் சுரத்தில் கார்டு எழுகிறது என்ற எண்). உங்கள் சுருதியில் ஜி, ஏ, எஃப் ஷார்ப் மைனர், பி மைனர். டி-யில் ஆரம்பிக்காததால் பாட்டு தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும், கேட்பவர் அடுத்த பாருக்குக் காத்திருப்பார். முதல் கார்டை ஜி மேஜர் செவன் ஆக்கினால் இன்னும் ஏக்கம் கூடும். மூன்றாவதை எஃப் ஷார்ப் செவன் ஆக்கினால் ஏ ஷார்ப் சுரம் உள்ளே வந்து பி மைனருக்குப் பிடித்துத் தள்ளும். ஆனால் மெட்டு அந்த இடத்தில் ஏ-யில் நின்றால் அரைக்கட்டை உரசும், அங்கே மைனரையே வையுங்கள். பதினாறு பாரும் இதே வரிசை ஓடினால் சலித்துவிடும், இரண்டாம் பாதியில் பி மைனர், ஜி, ஏ, டி என்று மாற்றலாம். 90-களில் டெட்சுயா கொமுரோவின் பாட்டுகளால் பிரபலமாகி அவர் பெயரிலேயே வழங்கும் வரிசை அது. ஸபியின் கடைசிப் பாரில்தான் டி மேஜர் முதல்முறையாக உறுதியாக விழவேண்டும்.

ஸபியை முதலிலேயே காட்டிவிடும் முறையும் உண்டு. 1995-ல் வந்த நியான் ஜெனசிஸ் எவாஞ்சலியன் தொடரின் தொடக்கம் இதற்கு நல்ல பாடம். தாளம் தொடங்குமுன் யோகோ தகஹாஷி இரண்டு வரியை மட்டும் பாடி நிறுத்துவார், ஸபி முடியும் இடத்தில் அதில் ஒரு வரி திரும்ப வந்து வளையம் மூடும். உங்களுக்கு அப்படி வேண்டுமானால் 8 பார் தலை-ஸபி வைத்து, ஏ-மெலோவை 16-லிருந்து 8 ஆக்குங்கள். 8, 8, 8, 8, 16 என்று மறுபடி 48 பாரே வரும், டைம்லைன் போட்ட 89 கணக்கு கலையாது.

வரிகளும் ஒரு காரணமாக இருக்கலாம். ஜப்பானியப் பாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சுரம் விழும், நெடில் இரண்டு எழுத்தின் இடத்தை எடுக்கும். தமிழுக்கும் மாத்திரைக் கணக்கு இருப்பதால் இது கைவரும், ஆனால் 160 பிபிஎம்மில் எட்டில் ஒரு பங்கு சுரம் 0.1875 நொடிதான். அதில் “ர்ச்சி”, “ட்கொ” மாதிரி ஒற்று மோதும் இடங்கள் வந்தால் பாடகர் தாளத்துக்குப் பின்தங்குவார். ஏ-மெலோவில் குறில் நிறைந்த சொற்கள், ஸபியில் இழுக்கும் சுரங்களுக்கு ஆ, ஏ, ஓ. இழுக்கும் சுரம் வல்லின ஒற்றில் முடியவே கூடாது, ம், ன் என்றால் கடைசி அரை அடியில் மூடிக்கொள்ளலாம்.

கடைசி ஸபிக்குச் சுருதி ஏறுவது முழுப் பாட்டுக்கு மட்டும்தானே, அதையும் ஒரு பார்வை பாருங்கள். அடக்கி வாசிக்கும் ஸபியின் கடைசிப் பாரில் ஏ-யில் நின்றுவிட்டு நேராக ஈ மேஜருக்குத் தாவினால் தடுக்கும். அந்தப் பாரை இரண்டாகப் பிரித்து பி சஸ் ஃபோர், பி என்று வைத்தால் படி ஏறின மாதிரி போய்விடும்.

---

பனையோலை_16பிட் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஏ-மெலோவின் உச்சமும் ஸபியின் உச்சமும் ஒரே பி சுரம்! இரண்டாம் ஏ-மெலோவையும் சேர்த்துத் திருத்தி எழுதுகிறேன். டைட்டில் திரை பற்றி யாராவது சொல்லுங்கள். பாட்டின் 48 பாரையும் அப்படியே சுழலவிட்டால் சுழலும் இடத்தில் ஒரு சின்ன விக்கல் கேட்கிறது. இப்போது கோப்பு எம்பி3.

---

கார்ட்ரிட்ஜ்_காலம் எழுதியது:

விக்கலுக்குக் காரணம் எம்பி3 தான். அந்த வடிவத்தில் கோப்பின் தலையிலும் வாலிலும் என்கோடர் கொஞ்சம் வெற்று ஒலியைச் சேர்க்கும், நீங்கள் எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் அது வரும். ஆக் வோர்பிஸ் வடிவத்துக்கு மாறுங்கள். எம்இசட் அந்தக் கோப்பில் லூப்ஸ்டார்ட், லூப்லெங்த் என்ற இரண்டு குறிப்புகளைப் படிக்கும் (ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளி விடாமல்). ஆடாசிட்டியின் மெட்டாடேட்டா பலகையில் அவற்றை எழுதலாம். மதிப்பு நொடியில் அல்ல, சாம்பிளில், அதாவது ஒலியை நொடிக்குப் பல்லாயிரமாக நறுக்கிய துண்டுகளில். 44.1 கிலோஹெர்ட்ஸில் உங்கள் ஒரு பார் 66,150 சாம்பிள். முன்னிசை ஒருமுறை மட்டும் ஒலித்து, மீதி 40 பார் சுழலவேண்டும் என்றால் லூப்ஸ்டார்ட் 529200, லூப்லெங்த் 2646000. எண்களுக்கு நடுவே காற்புள்ளி போடக்கூடாது.

பிபிஎம் இப்படி அழகாக வகுபடாதபோது முழு நீளத்தைக் கணக்கிட்ட பிறகுதான் முழு எண்ணாக்க வேண்டும். 170-க்கு ஒரு பார் 62,258.82 சாம்பிள். அதை 62,259 என்று முழுதாக்கி 40-ஆல் பெருக்கினால் 2,490,360, சரியான விடை 2,490,353. ஏழு சாம்பிள் தாளத்தில் தெரியாது, ஆனால் அலைவடிவம் சேராமல் ‘டிக்’ என்று கேட்கக்கூடும்.

ரீவெர்ப் வாலையும் கவனியுங்கள். சுழலும் பகுதி முடிந்ததும் ஸபியின் கடைசிக் கார்டு இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும், சுழற்சி தாவும்போது அது திடீரென்று அறுபடும். புராஜெக்ட்டில் அந்த 40 பாரை அடுத்தடுத்து இரண்டு முறை வைத்து ரெண்டர் செய்து, லூப்ஸ்டார்ட்டை இரண்டாம் சுற்றின் தொடக்கத்துக்குக் கொண்டுபோங்கள். அப்போது லூப்ஸ்டார்ட் 48 பார், அதாவது 3175200. இரண்டாம் சுற்றின் தலையில் முதல் சுற்றின் வால் ஏற்கெனவே கலந்திருப்பதால் ஒட்டு கேட்காது. கோப்பு பெரிதாகும், பரவாயில்லை.

ஆனால் இதெல்லாம் தொழில்நுட்பம். டைட்டில் திரையில் குரலோடு பாட்டைப் போடாதீர்கள் என்பதுதான் என் அழுத்தமான கருத்து. விளையாடுகிறவர் சேமிப்பைத் திறக்க ஒவ்வொரு முறையும் அங்கே வருவார், ஐந்து நொடி நிற்பார், போய்விடுவார். ஏ-மெலோவின் அரைவரியையே திரும்பத் திரும்பக் கேட்டால் மூன்றாம் நாள் பாட்டின் மேல் வெறுப்பு வந்துவிடும். கிங்டம் ஹார்ட்ஸை (2002) பாருங்கள். டைட்டில் திரையில் யோகோ ஷிமொமுராவின் அமைதியான பியானோ, தொடக்கப் படத்தில்தான் உதடா ஹிகாருவின் பாட்டு, அதுவும் வேகம் கூட்டிய ரீமிக்ஸ் வடிவில். டிராகன் குவெஸ்டில் 1986 முதல் டைட்டில் திரைக்குக் குரலே இல்லாத கொய்ச்சி சுகியாமாவின் அணிவகுப்பு இசைதான். உங்கள் ஸபியின் மெட்டை எடுத்து பியானோவிலோ வீணையிலோ பாதி வேகத்தில் 16 பார் வாசித்துச் சுழலவிடுங்கள். பாட்டின் முகம் தெரியும், பாட்டு செலவாகாது.

தொலைக்காட்சித் தொடரும் ஆர்பிஜியும் பிரிகிற இடமும் இதுதான். தொடரில் பாட்டு வாராவாரம் அதே இடத்தில் வரும், பழக்கத்தால் மனதில் பதியும். ஆர்பிஜியில் தொடக்கப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நாற்பது மணி நேரம் விளையாடுவார்கள், முடிவில் பாட்டு திரும்ப வரும்போது அது யாரோ என்று இருக்கும். ஆகவே நடுவில் மெட்டைத் தூவ வேண்டும். ஃபைனல் ஃபேண்டசி 9-இல் (2000) எமிகோ ஷிராடோரி பாடும் முடிவுப் பாட்டின் மெட்டு அதற்கு முன்பே கதாநாயகி கார்னெட் முணுமுணுக்கும் பாட்டாகவும், உலக வரைபடத்தில் நடக்கும்போது ஒலிக்கும் இசையாகவும் வந்துவிட்டது. 8-இல் ஃபே வொங் பாடிய பாட்டு ஜூலியா என்ற பாத்திரத்தின் பியானோவாக முன்னாலேயே காதில் விழும். டேல்ஸ் ஆஃப் தி அபிஸில் (2005) பம்ப் ஆஃப் சிக்கன் பாடிய தொடக்கப் பாட்டின் மெட்டு சண்டை இசையாகத் திரும்புகிற இடம் இருக்கிறதே, குரலே இல்லாமல் உடம்பு சிலிர்க்கும். நீங்கள் எம்இசட்டில் செய்வதானால் ஸபியின் முதல் நான்கு பாரை மட்டும் மூன்று இடத்தில் ஒளித்து வையுங்கள்: ஒரு ஊர், ஒரு பிரிவு, கடைசிச் சண்டை. ஊருக்கு மூன்றடித் தாளம் (3/4), பிரிவுக்கு பி மைனரில் தனி வாத்தியம், சண்டைக்கு அதே 160.

தொழில்நுட்பமே இல்லாத காலத்திலும் இதற்குப் பாடுபட்டிருக்கிறார்கள். 1995-ல் டேல்ஸ் ஆஃப் ஃபேண்டேசியா சூப்பர் ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜிலேயே குரலோடு தொடக்கப் பாட்டு போட்டது. அந்த எந்திரத்தின் ஒலி நினைவகம் 64 கிலோபைட்தான். அதன் ஒலி வடிவத்தில் 16 சாம்பிளுக்கு 9 பைட் ஆகும், ஆகவே முழு நினைவகத்தையும் கொடுத்தாலும் 16 கிலோஹெர்ட்ஸில் ஏழு நொடிக் குரல்தான் கொள்ளும். பாட்டு ஓடஓட கார்ட்ரிட்ஜிலிருந்து துண்டு துண்டாக உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். 48 மெகாபிட், அதாவது 6 மெகாபைட் கார்ட்ரிட்ஜ். 90 நொடிக் குரலை 16 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் 8 லட்சம் பைட்டைத் தாண்டும். மொத்த விளையாட்டில் எட்டில் ஒரு பங்கு ஒரு பாட்டுக்கு! இரண்டே வருடத்தில் பிளேஸ்டேஷன் குறுந்தட்டுக்கு வந்த டேல்ஸ் ஆஃப் டெஸ்டினி, டீன் குழுவின் பாட்டை அனிமேப் படத்தோடு போட்டது.

அந்த எந்திரக் கட்டுப்பாடு இன்று இல்லை, ஒப்பந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. ஜப்பானில் ஒலிப்பதிவு உரிமை இசைத்தட்டு நிறுவனத்திடம் இருக்கும், வெளிநாட்டுப் பதிப்புக்குத் தனியாகப் பேசவேண்டும். அபிஸின் ஆங்கிலப் பதிப்பில் தொடக்கப் பாட்டு குரல் இல்லாமல்தான் வந்தது. டேல்ஸ் ஆஃப் சிம்ஃபோனியாவின் அமெரிக்க கேம்கியூப் பதிப்பில் பாட்டுக்குப் பதில் வாத்திய இசை. டேல்ஸ் ஆஃப் வெஸ்பீரியாவில் (2008) போனி பிங்க் ஆங்கிலத்திலும் பாடியதால் பாட்டு தப்பியது. உங்கள் பாடகரோடு விளையாட்டு, முன்னோட்டக் காணொளி, பாடல் தொகுப்பு, பிறர் விளையாடி நேரலை செய்வது ஆகிய நான்குக்கும் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். குரலில்லாத மிக்ஸ் ஒன்றையும் அதே நாளில் ரெண்டர் செய்து வையுங்கள். புராஜெக்ட் கோப்பு ஒரு வருடம் கழித்து அதே பிளகின்களோடு திறக்கும் என்று நம்பமுடியாது.

---

டைம்லைன் எழுதியது:

ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஏழாம்_சுரம் சொன்ன தலை-ஸபி தொலைக்காட்சிக்கு அருமை. விளையாட்டில் அதோடு 8 பார் முன்னிசையும் வைத்தால், தலை-ஸபி முடிந்து ஏ-மெலோ வருவதற்குள் 24 நொடி ஓடிவிடும், அதற்குள் பாதிப் பேர் பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுவார்கள். முன்னிசையை 4 பாராக்கி, மிச்ச 4 பாரை ஏ-மெலோவுக்குக் கொடுத்து 12 ஆக்கலாம். மெட்டு நான்கு நான்கு பாராக எழுதியிருந்தால்தான் இது முடியும்.

ஒலி அளவையும் இப்போதே தீர்மானியுங்கள். இசைத்தட்டுக்கு மாஸ்டர் செய்த பாட்டு -8 லஃப்ஸ் (கேட்கும் உரப்பின் அளவு) வாக்கில் இருக்கும். விளையாட்டின் மற்ற இசை -20 என்றால் தொடக்கப் படம் முடிந்ததும் விளையாட்டு ஊமையான மாதிரி இருக்கும். ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு அளவு -24, சோனியின் பரிந்துரை வீட்டு கன்சோலுக்கு -24, கையடக்கத்துக்கு -18. நீங்கள் டைட்டில் இசைக்கும் தொடக்கப் பாட்டுக்கும் 2, 3 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வராமல் பாருங்கள். லிமிட்டரில் நசுக்கிய மாஸ்டரை இறக்குவதைவிட, லிமிட்டர் போடுவதற்கு முந்தைய மிக்ஸிலிருந்து எடுத்தால் அந்த ஒரு அடி மௌனத்துக்குப் பிறகு வரும் ஸபி உண்மையாகவே பெரிதாகக் கேட்கும்.

---

பனையோலை_16பிட் எழுதியது:

முன்னிசை 4, ஏ-மெலோ 12 என்று மாற்றிப் பார்க்கிறேன், மெட்டு நான்கு பாராகத்தான் இருக்கிறது. கடைசியாக ஒன்று: வீடியோவுக்காக எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸில் ரெண்டர் செய்திருக்கிறேன். லூப் எண்கள் அப்படியே இருக்கலாமா? அப்புறம், டைட்டிலுக்கு முன்னால் படம் ஓடவைக்க எம்இசட்டில் வழி உண்டா?

---

கார்ட்ரிட்ஜ்_காலம் எழுதியது:

இருக்கக்கூடாது. 48-ல் ஒரு பார் 72,000 சாம்பிள். 8 பார் 576000, 40 பார் 2880000, இரண்டு சுற்று வைத்த கோப்பென்றால் தொடக்கம் 3456000. பழைய எண்ணை விட்டால் 12-ஆம் நொடிக்குப் பதில் 11.025-லிருந்து 55.125 நொடி மட்டும் சுழலும், ஸபி நடுவிலேயே அறுந்து முன்னிசையின் வாலுக்குத் தாவும்.

படத்தை வெப்எம் கோப்பாக மூவிஸ் அடைவில் போடுங்கள். டைட்டிலுக்கு முன் ஓட்ட உள்ளமைந்த வசதி இல்லை, அதற்கு ஒரு பிளகின் வேண்டும். பிளகின் வேண்டாமென்றால் “புதிய ஆட்டம்” அழுத்தியதும் வரும் முதல் வரைபடத்தில் தானியங்கி நிகழ்வு ஒன்று வைத்து, திரையை ஃபேட் அவுட் செய்து, பின்னணி இசையை நிறுத்தி, பிறகு பிளே மூவி கட்டளையைக் கொடுங்கள். வரைபடத்துக்குப் பின்னணி இசை வைத்திருந்து அதை நிறுத்த மறந்தால் அந்த இசையும் பாட்டும் ஒன்றாக ஒலிக்கும். படம் முடிந்ததும் செல்ஃப் ஸ்விட்ச் போட்டு அந்த நிகழ்வை அணைக்கவேண்டும், இல்லையென்றால் படம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.